உர்பானும் அரைச் சொட்டு விஷமும்

என் கணவர் காஷ்பெர் இறந்த அன்று, அவர் வளர்த்த தேனீக்களுக்குச் சேதி சொல்ல எனக்குத் தெம்பில்லை. எசமான் போனதைத் தேனீப் பெட்டி ஒவ்வொன்றாகத் தட்டிச் சொல்லாவிட்டால் அவையும் பின்னாலேயே போய்விடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். மறுநாள் பனியில், பெட்டிக்குப் பெட்டி நின்று நகர்ந்த பூட்ஸ் தடம் கிடந்தது. பக்கத்து வீட்டு உர்பானுடையது. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

நாற்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. அறுபது பெட்டி வைத்திருந்தான். கையுறை போடமாட்டான். "கொட்டக் கொட்டத்தான் அக்கா உடம்பு மரத்துப்போகும்" என்பான். எங்கள் தேனீக்காரர்கள் எல்லோருக்கும் அதே நம்பிக்கைதான்.

போன வருஷம் லிண்டன் மரம் பூத்த சமயம் கழுத்தில் ஒன்று கொட்டியது. ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை அரித்து, மேலெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மயங்கி விழுந்தான். தலைநகர் லியூப்லியானா ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

"இந்த விஷத்தை உங்க உடம்பு பெரிய எதிரியா எடுத்துக்கிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "எதிர்க்கிறேன்னு ரத்தக்குழாயைத் தளர விட்டுடுது, மூச்சுக்குழாயை இறுக்கிடுது. அடுத்த தடவை இன்னும் மோசமாகலாம்."

கொட்டியதும் தொடையில் குத்திக்கொள்ள அட்ரினலின் ஊசி கொடுத்தார்கள். மாதாமாதம் வந்து தேனீ விஷத்தையே துளித்துளியாக ஏற்றிக்கொண்டால் சில வருஷத்தில் உடம்பு பழகும் என்றும் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் சிரித்தான். "அவங்க ஏத்தறதும் இதே விஷந்தானே? அறுபது பெட்டியை வீட்ல வச்சுக்கிட்டு, ஒரு சொட்டுக்கு லியூப்லியானா போகணுமாக்கும்!"

"அவங்க அளந்து போடுறாங்கப்பா. உன் தேனீ அளந்தா கொட்டும்?"

"காஷ்பெர் அண்ணனையும் இப்படித்தான் அதட்டுனீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என் பாவம்.

இந்த வருஷம் ஏப்ரலில், ஞாயிறு பூசை முடிந்ததும், ஒரு தேனீயைப் பிடித்துத் தன் கையில் வைத்தான். கொட்டிய நொடியே கொடுக்கைச் சுரண்டி எறிந்தான். "அரைச் சொட்டு" என்றான். முழங்கை வரை வீங்கியதோடு போயிற்று. அடுத்த ஞாயிறும் அப்படியே. அவனுக்குத் தைரியம் ஏறியது. நான் மாதாவிடம் மன்றாடினேன், அவனிடம் மன்றாடவில்லை.

மூன்றாம் ஞாயிறு அலறல் கேட்டு ஓடினேன். முகம் ஊதி, மூச்சு விசிலடிக்கக் கிடந்தான். அடுக்களை இழுப்பறையிலிருந்து ஊசியை எடுத்துவந்து தொடையில் குத்தினேன். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

"படுக்க வச்சே இருங்க. காலை உயர்த்தி வைங்க. எழுந்திருக்க மட்டும் விடாதீங்க" என்றது ஒரு பெண் குரல்.

வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அவன் காலைத் தூக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது, பேச்சு வந்தது. ஆம்புலன்ஸிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்குவதைப் பார்த்தான். என் கையை விலக்கிவிட்டு எழுந்து நின்றான். இரண்டு எட்டு. அவ்வளவுதான்.

தளர்ந்த குழாய்களில் ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது, இதயத்துக்கு மிஞ்சவில்லை என்றார்கள். முக்கால் மணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். ஆண்டவரே, நான் அவன் தோளை அமுக்கிப் பிடித்திருக்கலாமே.

எழும்போது அவன் சொன்னது இதுதான்: "விடுங்கக்கா, நானே நடந்து போறேன். ஊர் பார்க்க என்னைப் பொணமாட்டம் தூக்கிட்டுப் போக வேணாம்."