தானாகத் திறந்த இரண்டாவது

மாமா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி, மலேசியா. எனக்குப் பதினோரு வயது. அம்மா வேலை முடிந்து வரும்வரை, பள்ளி விட்டதும் ஈப்போவில் அத்தை வீட்டில்தான் இருப்பேன். மாமா கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்த்தவர். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அப்படி ஒரு சனிக்கிழமை மழையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்தான் வழியில் லாரி மோதி இறந்துபோனார்.

அந்தத் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அவர் முன்பே வாங்கி வந்து, அதற்குள் இரண்டு இயங்குதளங்களைப் போட்டிருந்தார். ஒன்றாவது அத்தைக்கு; அக்கம்பக்கத்தாருக்கு வேலை விண்ணப்பம், பள்ளிக்கடிதம் எல்லாம் அதில்தான் தட்டித் தருவார். இரண்டாவது மாமாவுடையது. பெட்டியைப் போட்டதும் ஒன்றா, இரண்டா என்று பச்சை எழுத்தில் கேட்கும். பத்து விநாடிக்குள் எதையும் அழுத்தாவிட்டால் தானாகவே இரண்டாவதற்குப் போய்விடும்.

அன்று மத்தியானம் அத்தை குளித்துக்கொண்டிருந்தார். சும்மா பார்க்கலாமே என்று பெட்டியைப் போட்டுவிட்டு, எதை அழுத்துவது என்று தெரியாமல் நின்றேன். திரை இருண்டது. பிறகு ஆங்கில எழுத்துகளில் தமிழ் வந்தது: வந்துட்டியா? சாப்டியா?

அதற்குக் கீழே, கடைசியாக வந்த பதில் என்று ஒரு வரி. இன்னும் இல்ல. பக்கத்தில் தேதியும் நேரமும். முந்தின நாள், நாலு மணி பத்து நிமிடம்.

மாமா கேட்கிறார், யாரோ பதில் சொல்கிறார்கள். கட்டம் ஒன்று கண் சிமிட்டியபடி என் பதிலுக்காகக் காத்திருந்தது. சுவிட்சை அடைத்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

அம்மாவிடம் சொன்னதற்கு, "பெட்டிக்குள்ள யாரு இருக்கப் போறா? சும்மா கெட லா" என்றார். ஆனால் பெட்டி சும்மா கிடக்கவில்லையே.

மறுநாள் அத்தை கடைக்குப் போனதும், பயத்தை அடக்கிக்கொண்டு மறுபடி போட்டேன். திரையின் அடியில், ‘டிஃபால்ட்’டை மாற்ற டி எழுத்தை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. பள்ளிக்கூட அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். கடமை தவறுதல் என்று போட்டிருந்தது. மாமா எந்தக் கடமையில் தவறினார் என்று யோசிக்க நேரமில்லை. டி எழுத்தை அழுத்தி, இனி இரண்டாவது வரவேண்டாம் என்று ஒன்றைத் தட்டினேன்.

அத்தை திரும்பி வந்து பெட்டியைப் போட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து விநாடி போனது. ஒன்றாவது திறந்தது. அடைத்தார், போட்டார். மறுபடியும் ஒன்றாவது. நாலு தடவை அப்படிச் செய்தார்.

"நீ ஏதும் தொட்டியாம்மா?"

"இல்ல, அத்தை."

"சரி. உள்ள இருக்கற பேட்டரி போயிருக்கும் போல."

பிறகு பக்கத்து வீட்டுப் பையனின் விண்ணப்பத்தை எடுத்துத் தட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு சாப்டியா என்ற அந்தக் கேள்வி அந்த வீட்டில் வரவே இல்லை.

வாரம் முழுக்கத் தனியாக இருக்கும் மனைவிக்காக மாமா எழுதிவைத்தது அது என்றும், அத்தையின் பதில்களை அவர் சனிக்கிழமை வந்து படித்துச் சிரிப்பார் என்றும் பல வருடம் கழித்து அம்மா சொன்னார். இரண்டை அழுத்தினால் போதும், அது பழையபடி வந்திருக்கும். அத்தைக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் ஒருநாளும் அழுத்தவில்லை. தானாக வந்தால்தான் அது மாமா கேட்பது; தானே அழுத்தி வரவழைத்தால் அது வேறு. அதை விளங்கிக்கொள்ளும் வயதில்லை எனக்கு. அத்தை வீட்டுப் பேயை ஒரே ஆளாக விரட்டிவிட்ட பெருமையில், அன்று சாயங்காலம் அம்மாவின் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வீடுவரை பாடிக்கொண்டே போனேன்.