காக்காக் கூடு என்று நான் சொன்னது

காட்டைப் பார்க்க வருகிற எவனையும் நான் நம்புவதில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்று ஒரு கூட்டம் செண்பகத்தோப்புக்கு வந்தது. மறு வருஷம் எங்கள் மாடு மேய்ந்த இடத்தில், இனி சர்க்கார் காடு என்று ரிசர்வுக் கல் நின்றது. "கிணத்துல தண்ணி நல்லா இருக்கே" என்று ஓர் ஆள் எட்டிப் பார்த்துப் பாராட்டினான். அடுத்த ஜமாபந்தியில் தீர்வை ஏறியது. அதனால் எங்கள் பக்கத்தில் சர்க்கார் ஆள் எதைக் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வோம். கொல்லையில் ஆறு கோழி கத்திக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரி, "ரெண்டுதான் இருக்கு, அதுவும் சீக்கு" என்பாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே வராது. சலாம் சொல்வது போல அது ஒரு பழக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு வீடு. மலையடியில் என் அத்தா, என்னைப் பெற்றவர், வைத்த மாந்தோப்பு. அதற்குத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் ஓர் ஓடை. அந்த ஓடை நின்றால் தோப்பு போகும், தோப்பு போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஓடையின் இரண்டு கரையிலும் பெரிய மரங்கள் கிளையோடு கிளை கோத்து நிற்கும். அவற்றில் நரை அணில் குடியிருந்தது. வீட்டுக் கூரையில் ஓடும் அணில் அல்ல. பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால், மேலெல்லாம் சாம்பல் நரை. காய்க்கும் காலத்தில் தோப்புக்குள் இறங்கிக் கடித்துக் கடித்துப் போடும். தகரத்தைத் தட்டி விரட்டுவோம். அதன் மேல் எனக்குப் பாசம் எதுவும் கிடையாது.

அந்த அணிலைத் தேடித்தான் காட்டிலாகாவின் வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். ராஜபாளையத்தில், சர்க்கார் ஆட்கள் வந்தால் தங்கும் முசாபரி பங்களாவில் தங்கியிருந்தார். கூடவே எழுதவும் பேச்சை மாற்றிச் சொல்லவும் ஒரு ரைட்டர். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், மூக்குப்பொடி போடுகிறவர்.

"ராவுத்தரே, தொர கேக்காரு. நரை அணில் எந்த ஓடையில இருக்கு, எம்புட்டு கூடு இருக்குன்னு."

"அணிலை எண்ணவா கப்பலேறி வந்தாரு?"

"சிரிக்காதீரும். அது இருக்கிற ஓடையில கோடாலி விழாது. பக்கத்து மொட்டைச் சரிவுல கன்னும் நடப் போறாரு. மரம் கோத்து நின்னாத்தான் அது பிழைக்குமாம். அது பிழைக்கிற எடத்துல தண்ணி சீக்கிரம் வத்தாதாம்."

அணிலுக்காக எவனாவது காட்டைக் காப்பானா? முதலில் அணில், பிறகு மரம், பிறகு ஓடை, கடைசியில் என் தோப்பு. சர்க்கார் கை வைக்கும் வரிசை எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். தகரம் தட்டினால் கேஸ் போடுவான் என்றும் நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தேன் கொண்டுவந்து தரும் மலைவாசிப் பளியர் ஒருவர் இருந்தார். மலையில் ஒவ்வொரு கூடும் அவருக்குத் தெரியும். துரை அவரைத்தான் வழிகாட்ட வேலைக்கு வைத்திருந்தார். நான் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"ஒண்ணுமில்லன்னு சொல்லிருப்பா."

"கூடு கண்ணுக்குத் தெரியுதே, ராவுத்தரே."

"காக்காக் கூடுன்னு சொல்லு."

"காக்கா அம்புட்டுப் பெருசாவா கட்டுது?"

"தொரைக்கு என்ன தெரியும்? அவரு ஊரு காக்கா பெருசா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் ஆட்களும் இரண்டு நாள் ஓடை நெடுகத் தகரம் தட்டினோம். மூன்றாம் நாள் துரை வந்து, எறும்பு கடிக்கக் கடிக்க மத்தியானம் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓர் அணிலும் தலை காட்டவில்லை. கிளைகளில் இருந்த கூடுகளைக் கைநீட்டிக் கேட்டார். காக்காக் கூடு என்றேன். அவர் பளியரைப் பார்த்தார். பளியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காக்காக் கூடுதான்" என்று தரையிடம் சொன்னார். துரை என்னைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வத்திராயிருப்புப் பக்கத்து ஓடையில் இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்களாம். ஏமாளிகள் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

மழை முடிந்ததும் அந்த ஏமாளிகளின் ஓடையில் வெட்டு நின்றது. சரிவில் கன்று நட்டார்கள். எங்கள் ஓடை கூப்பில் போனது, அதாவது மரம் வெட்ட ஏலம் விட்டுவிட்டார்கள். தை மாதம் முழுக்கக் கோடாலிச் சத்தம் தோப்புவரை கேட்டது. வெட்டிய மரங்களை ஓடை வழியாகவே இழுத்தார்கள். கரை சரிந்தது, தண்ணீர் தேங்கும் குழிகளை மண் மூடியது. மாசியிலேயே தண்ணீர் கயிறாக இளைத்தது. மாம்பிஞ்சு கொட்டியது.

"காக்காக் கூடுன்னு சொன்னீயளே, இப்ப காக்கா வந்து தண்ணி ஊத்துமா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

ராஜபாளையத்துக்கு நடந்தேன்.

"அன்னிக்குச் சொன்னது பொய்" என்றேன் ரைட்டரிடம்.

அவர் நிதானமாகப் பொடியை இழுத்தார். "இன்னிக்குச் சொல்லுதது?"

"நெசம்."

"தண்ணி வத்தின பொறவுதான் உமக்கு நெசம் ஊறுதோ?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரை நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ரைட்டர்தான் படித்தார்: "அணில் இல்லை. கூடு காக்கையுடையது. சொன்னது தோப்புக்காரர்." வாயால் சொன்னதை இனி எழுதமாட்டாராம். ஓடை திரும்பும் வளைவுக்கு மேலே இன்னும் மரம் நிற்கிறது; அதைக் காப்பாற்ற வேண்டுமானால் உயிரோடு அணிலைக் காட்டவேண்டுமாம்.

காட்டலாம். ஆனால் எங்கே? கோடாலிக்குப் பயந்து அவை ஓடையை விட்டு என் தோப்புக்கு வந்துவிட்டன. கிழட்டு மாமரங்களில் மூன்று கூடு கட்டியிருந்தன.

"உள்ள கூட்டியாந்தா தோப்பையும் எழுதிருவான்" என்றாள் வீட்டுக்காரி.

"கூட்டியாரலேன்னா தோப்பே இருக்காது."

ஐந்து நாள் சண்டை போட்டோம். ஆறாம் நாள் காலையில் துரையை நானே உள்ளே அழைத்துப் போனேன். ஓர் அணில் கிளையில் வயிற்றைப் பரத்திப் படுத்து, வாலைத் தொங்கவிட்டு, என் காயைத் தின்றுகொண்டிருந்தது. துரை வெகுநேரம் பார்த்தார். மூன்று கூட்டையும் எழுதினார். இந்த மரங்களில் கிளை கழிக்கக் கூடாது, தகரம் தட்டக் கூடாது என்றார்.

"அப்ப என் காய்?"

"அணில் தின்னது போக மிச்சம் உமக்கு" என்றார் ரைட்டர்.

வெட்டு வளைவோடு நின்றது. வளைவுக்குக் கீழே இன்றும் வெறும் அடிக்கட்டைகள்தான். முன்பு சித்திரை வரை ஓடிய தண்ணீர் இப்போது பங்குனி பாதியோடு நிற்கிறது. கீழ்க்கடைசி வரிசை மரங்கள் பட்டுப்போயின. பொய் சொன்னதற்காகப் பளியரின் வேலை போனது. பொய்யைச் சொல்லிக் கொடுத்த என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. என்னைக் கண்டால் அவர் வேறு தடத்தில் இறங்கிப் போகிறார். போகட்டும், நியாயம்தான்.

துரை என் தோப்பைப் பிடுங்கவில்லை. சொன்னபடி நடந்துகொண்டார். அதில் என்ன சூது என்று எத்தனையோ நாள் யோசித்தும் பிடிபடவில்லை. அவரையும் மாற்றிவிட்டார்கள். வேறொருவர் வந்திருக்கிறார். அவரும் ஓடையை வெட்டாமல் விட்டுவைப்பாராம். எனக்கு அது போதாது. மாதம் ஒரு தடவை வளைவு வரை ஏறி, அதற்கு மேலே புதிதாக எந்த மரமாவது விழுந்திருக்கிறதா என்று நானே பார்த்துவிட்டு வருகிறேன். போன வாரம் வரை விழவில்லை.