பஸ்ரியனின் தபசுகால நகரம்

மல்வேர்னில் இருக்கிற பஸ்ரியனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் பெருமைப்பட இருந்த ஒரே சொத்து, கொம்பியூட்டர் கேமுக்குள் வருசக்கணக்காகக் கட்டிவந்த நகரம். வெளியே பாண் சுடுகிற பக்டரியில் பின்னேர வேலை, வீட்டிலே நகரபிதா. அங்கே பாலமும் துறைமுகமும் எழும்பின. இங்கே குசினிப் பைப் ஒழுகிக்கொண்டே கிடந்தது.

மாசியில் அவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ இழுத்துப் பிடித்தது. பங்குனிக் கடைசியில் ஆஸ்பத்திரியில் சோதனை என்றார்கள். பயந்துபோன மனைவி கிளடிஸ் தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று மாதா சொரூபத்துக்கு முன் நேர்த்தி வைத்தார்.

"உங்கட நெஞ்சு சுகமாகவேணும். பாஸ்கா வரைக்கும் நான் தேத்தண்ணி குடிக்கமாட்டன். நீங்கள் என்ன விடுறியள்?"

தேத்தண்ணியிலேயே ஓடுகிற மனுசி கிளடிஸ். பஸ்ரியனுக்கு வெட்கமாகிவிட்டது.

"நான் கொம்பியூட்டரில கை வைக்கமாட்டன்."

ஒரு கிழமை தாண்டவில்லை. நகரபிதாவின் விரல்கள் ஊறத் தொடங்கின. பக்டரியில் கூட வேலை செய்யும் பிரியந்தன் வழி காட்டினான்.

"அண்ணை, உது இப்ப போனிலயும் ஓடும்."

ஒரு அப்பை ஏற்றினால் போதுமாம், விண்டோசில்தான் ஓடுகிறேன் என்று கேம் நம்பிவிடுமாம். சத்தியம் கொம்பியூட்டருக்குத்தானே, போனுக்கில்லையே என்று பஸ்ரியன் தீர்ப்பெழுதினார். பாப்பரசருக்கே தோன்றாத விளக்கம். கேமை ஏமாற்றத் துணிந்தவருக்கு மாதா எந்த மூலைக்கு!

நகரம் போனில் ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. நொண்டியது. எழுத்தெல்லாம் கடுகு, ஒரு ரோட்டுப் போடுவதற்குள் மூன்று கட்டடம் இடிந்தது. போனோ தோசைக்கல்லாய்க் கொதித்து, தானே அணைந்துவிடும். பஸ்ரியனின் மூளை பிறீசரைத் திறந்தது. காலையில் கிளடிஸ் வேலைக்குப் போனதும் விளைமீன் பையைத் துணியால் சுற்றி, அதன்மேல் போனை வைத்து விளையாடினார். மீன் இளகினால் உள்ளே, இறுகினால் வெளியே. பாவம், உயிரோடு இருந்தபோதுகூட அந்த மீன் இவ்வளவு அலைந்திராது.

சோதனைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பஸ்ரியனுக்கு பக்டரியில் லீவு. தபசுகாலம் என்பதால் இறைச்சியில்லை. கிளடிஸ் மீன்குழம்பு வைக்கப் பையை வெட்டினார். வீடே நாறியது. மற்றப் பைகளைப் பார்ப்பமென்று பிறீசரைக் கிளறினால், காலை அவசரத்தில் பஸ்ரியன் மீனோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டு, பகல் முழுக்கத் தேடிய போன். கிளடிஸ் தட்டிப் பார்த்தார். திரையில் துறைமுகம்.

"நான் கொம்பியூட்டரில கை வைக்கேல்லை, கிளடிஸ். இது போன்தானே."

கிளடிஸ் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் பஸ்ரியன் தப்பியிருப்பார். கேத்திலைப் போட்டார். தேயிலைச் சாயத்தைக் கடுப்பமாக ஊற்றி, பாலும் சீனியும் விட்டு, சூப் கிண்ணமொன்றில் வார்த்தார்.

"தேத்தண்ணியெண்டால் கோப்பையில குடிக்கிறதுதானே. இது கிண்ணம்."

ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தார். அந்த நேர்த்தி பஸ்ரியனின் நெஞ்சுக்கு வைத்தது, சோதனையோ வாற செவ்வாய். இன்னொரு மிடறு இறங்க, அவருடைய கை தானாகவே நெஞ்சைத் தடவியது.

"பாதியோட நிப்பாட்டுமப்பா, கிளடிஸ்."

கிளடிஸ் கிண்ணத்தைச் சரித்து அடி மண்டியையும் குடித்துவிட்டு, கேத்திலை மறுபடி அடுப்பில் வைத்தார்.