ஒரு பல்கேரியத் தலையாட்டல்

நேர்முகத் தேர்வு முடிகிற நேரத்தில் இயக்குநர் அம்மா தலையை இரண்டு பக்கமும் ஆட்டியதுதான் அவரைப் பற்றிய என் முதல் நினைவு. திங்கட்கிழமை வேலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தேன். தலை ஆடியதைக் கண்டதும், சரி, இதுவும் போச்சு என்று பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் வந்துவிட்டேன். மனுசி பின்னாலேயே ஓடிவந்தார். அவர் பல்கேரியாவில் பிறந்தவர். அங்கே தலையை அப்படி ஆட்டினால் ஓம். மோவாயைத் தூக்கி மேலும் கீழும் அசைத்தால் இல்லை. கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மட்டக்களப்பில் பிறந்து, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியே ஓம் சொல்லி வளர்ந்தவள் நான். டொரோன்டோவுக்கு வந்து கொஞ்சக் காலத்திலேயே அதை மறந்துபோயிருந்தேன்.

இப்போது மார்க்கம் நகரில் ஒரு பெரிய அலுவலகத்தில் விளம்பரப் படங்களுக்கு வரைகிறேன். கூட்டங்களில் எல்லோரும் ஒரே மாதிரி மேலும் கீழும் தலையசைக்கும்போது அவருடைய ஞாபகம் வந்துவிடும். அவரோ ஓய்வுபெற்று ஒஷாவாவில் தக்காளி நட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய சின்ன ஸ்டூடியோவில் நாங்கள் ஓர் அனிமேஷன் குறும்படம் செய்தோம். குளிர்காலம் முடிகிற நாட்களில் அவருடைய ஊர் ஆண்கள் ஆட்டுத்தோல் போர்த்து, பயங்கரமான முகமூடி மாட்டி, இடுப்பில் பெரிய மணிகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஆடிப் பொல்லாப்பை விரட்டுவார்களாம். குக்கேரி என்று பெயர். படத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அந்தக் கூட்டத்தோடு ஆடிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆசை. தகப்பனிடம் கேட்கிறாள். அவர் தலையை ஆட்டுகிறார். அவள் மணிகள் குலுங்கப் பனிக்குள் இறங்கிப் போகிறாள். அவ்வளவுதான். வசனமே கிடையாது.

தகப்பனுடைய கண்களை இயக்குநர் அம்மாவே வரைந்தார். அதில் யாரையும் கைவைக்க விடவில்லை. கழுத்தை அசைக்கிற வேலை எனக்கு. ஆடு, மணி, பனி எல்லாம் சுகமாக வந்தன. இந்தப் பாழாய்ப்போன தலை மட்டும் வரவில்லை. எப்படி வரைந்து காட்டினாலும், "இவர் வேண்டாம் என்கிறார்" என்று திருப்பி அனுப்பினார். எனக்கும் கோபம் வந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்: பார்க்கிற சனத்துக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது?

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். கனடாவுக்குப் போகட்டுமா என்று இளம் வயதில் தன் அப்பாவிடம் கேட்டாராம். அப்பா தலையை ஆட்டினாராம். இவர் வந்துவிட்டார். திரும்பிப் போய்ப் பார்ப்பதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். "அப்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனால் இந்த ஊரில் இத்தனை வருசம் இருந்துவிட்டேனே. இப்போது நினைத்துப் பார்த்தால், சில நாட்களில் அவர் போகாதே என்று சொன்ன மாதிரித் தெரிகிறது."

அந்த ஒரு அசைவுக்காகத்தான் மனுசி முழுப் படத்தையும் எடுக்கிறார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இரண்டு நாள் கழித்து, அவர் கணக்குவழக்கு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் போகட்டுமா என்று வாசலில் நின்று கேட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். முகம் திரும்பவில்லை, காதுகள்தான் தோள் பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தன. எங்கள் ஆட்கள் ஆட்டுகிற அதே ஆட்டல். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஓடிப்போய் உட்கார்ந்து அதை வரைந்தேன். மறுநாள் காலையில் அவர் அதைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். "இதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இருக்கட்டும்" என்றார்.

தயாரிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. இங்கே எல்லோரும் இதை மறுப்பு என்றுதான் நினைப்பார்கள், பேசாமல் மேலும் கீழும் அசைத்துவிடுங்கள் என்றார். இயக்குநர் அம்மா மோவாயை ஒரு வெட்டு மேலே வெட்டினார். மனுசன் சந்தோசமாகக் கைகுலுக்கிவிட்டுப் போய், ஒத்துக்கொண்டதற்கு நன்றி என்று மின்னஞ்சலும் அனுப்பினார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தலையை மாற்றவில்லை.

படத்தை முதன்முதலாகத் திரையிட்ட அன்று டோர்செட் பார்க் வீட்டிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மகள் கீறின படம் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் இயக்குநர் அம்மா. திரையில் பெண்பிள்ளை கேட்டாள். தகப்பனின் தலை ஆடியது. பின்வரிசையில் யாரோ ஐயோ பாவம் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் பெருமூச்சு விட்டார்கள். இயக்குநர் அம்மா என் கையை இறுகப் பிடித்தார்.

அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "போக விட மனமில்ல அந்த மனிசனுக்கு," என்றார். "ஆனா ஓமெண்டுட்டார்."

என்ன சொல்கிறார் என்று இயக்குநர் அம்மா கேட்டார். இரண்டையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் என்னைத் தாண்டிக் குனிந்து, நிச்சயமா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.