வீடு சரிந்திருந்தது

சண்டைக் காலம். களுவாஞ்சிக்குடியில் எங்கள் பழைய வீட்டுச் சுவரெல்லாம் செல் குண்டு துளைத்த ஓட்டை. அந்த வீடுதான் தங்கைக்குச் சீதனம். அதைப் பார்க்க மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ஓட்டையை மறைக்கக் குறுக்குப் பலகை அடிக்க தச்சு வேலை செய்யும் ஓர் ஓடாவி வந்தார். குள்ளமான மனிதர், வாய் நிறைய ஆணியோடேயே பேசுவார்.

பாதிச் சுவர் முடிந்ததும் கத்தினேன். "எல்லாம் சரிஞ்சு கிடக்கு! உமக்குக் கண் தெரியாதா?"

அவர் நீர்மட்டக் கருவியைப் பலகைமேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "பலகை நேர்தான் தம்பி. உங்கட வீடுதான் சரிவு. வீட்டை நிமித்திறதா, பலகையச் சரிக்கிறதா?"

கழற்றி, வீட்டின் சரிவுக்கே திரும்ப அடித்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய் சுவரைத் தடவி, "என்ன நேர், பாருங்க!" என்றார். கதவுக்குப் பின்னால் தங்கை வெடித்துச் சிரித்தாள். சம்பந்தம் முடிவானது.

நான் அவ்வளவு ஏசியும் அந்த ஓடாவி ஏன் என்னைத் திருப்பி ஏசவில்லை? இன்றும் எனக்கு விளங்கவில்லை.