ஆடிச்சுற்றும் நானூறு மீட்டரும்

என்னைவிட ஒன்பது வயது இளையவளிடம் நான் பயிற்சியாளர் வேலை கற்றுக்கொண்டேன். அவள் புளியங்குடிக்காரி. நானோ சங்கரன்கோவிலில் பிறந்து, இதே மைதானத்தில் கபடி ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்டவள். ஆனால் காலையில் அவள் ஸ்கூட்டி உள்ளே நுழைந்ததும் பயிற்சிக்கு வந்த அத்தனை பெண்களும் "மேடம்" என்று எழுந்து நிற்பார்கள். நான் அக்கா. அவளுக்கும் அக்கா, அவர்களுக்கும் அக்கா. தண்ணீர் கேன் தூக்கவும் விசில் தேடி எடுக்கவும் ஒரு அக்கா.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். பாவி, ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். புதிதாக யார் வந்தாலும் முதலில் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்ப்பாள். பிறகு வீட்டில் என்ன வேலை, யார் தண்ணீர் எடுப்பது, எப்போது தூங்கினாய் என்று விசாரிப்பாள். பெண் பார்க்க வந்த மாமியார் கூட இத்தனை கேட்க மாட்டாள் என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். அவள் சொன்ன மற்றதையெல்லாம் நோட்டில் எழுதினேன். இந்த விசாரணையை மட்டும் எழுதவில்லை.

ஆனி மாதம் ஒரு பெண்ணை என் பொறுப்பில் தனியாக விட்டாள். போலீஸ் தேர்வுக்கு நானூறு மீட்டர் ஓட வேண்டியவள். போன தடவை நூலிழையில் தவறவிட்டிருந்தாள். இந்தத் தடவையும் போனால் வயது தாண்டிவிடும். எனக்கோ இவள்தான் முதல் ஆள். இவள் தேறிவிட்டால் என்னையும் கோச் என்பார்கள். அதனால் மேடம் பக்கம் அவளை அண்டவே விடவில்லை. இரண்டு பேரும் சிரித்துப் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உடனே அவளை இன்னொரு ரவுண்டு ஓட விரட்டிவிடுவேன்.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் ஓடினாள். கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய பிறகு ஸ்டாப்வாட்ச் என் மானத்தை வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட மெதுவாக ஓடினாள். சோம்பல் என்று முடிவு கட்டினேன். திட்டினேன், ஓடி முடித்த கையோடு ஸ்குவாட் போடச் சொன்னேன். வாய் திறக்காமல் போட்டாள். ஐந்தாம் நாள் பாதி மைதானத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கோடியிலிருந்து மேடம் வந்தாள். நான் குறுக்கே போய், "அவ சும்மா நடிக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். மேடம் புழுதியிலேயே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் ஷூவைக் கழற்றினாள். பாதம் முழுக்கக் கொப்புளம்.

"ஏட்டி, அம்மனுக்கு எத்தன சுத்து வேண்டியிருக்கே?"

"ஐநூத்தியொண்ணு மேடம். எரநூறு தாண்டிட்டு."

கொடி ஏறினால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று. நூற்றொன்று, ஐநூற்றொன்று என்று வேண்டிக்கொண்டு, கோமதியம்மனை நினைத்து, வெறுங்காலோடு கோயில் கல்லில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றுவோம். வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் சாயங்காலம் இவளும் சுற்றியிருக்கிறாள். என்னிடம் சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவேனாம். நிறுத்தினால் வேலை கிடைக்காமல் போய்விடுமாம். வெளியூர்க்காரி ஒரே பார்வையில் கண்டுபிடித்ததை உள்ளூர்க்காரி நான் ஐந்து நாளாகக் கேட்கவே இல்லை. அந்த வாரம் நானும் அதே கோயில் கூட்டத்தில் நூற்றொன்று சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதை எந்த வாயால் சொல்வது? முட்டி வலிக்கிறது என்று எனக்கு மட்டும் ஸ்குவாட்டுக்கு லீவு விட்டிருந்தேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. அதுதான் எரிச்சல். ரெண்டு நாள் காலுக்கு ஓய்வு கொடு, அதன் பிறகு சுற்று, ஆனால் ஓடாதே, பத்துச் சுற்று விரசாக நட, பத்து மெதுவாக நட என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். தபசு முடியும் வரை இங்கே ஓட வேண்டாம், அங்கே நடப்பதே பயிற்சி என்றாள். நிறுத்து என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்களும் கூடப் போயி டைம் பாருங்க. ஆனா மெதுவா நடங்க. மூணு நாளா நொண்டுதீங்கள்லா."

என்னையும் பார்த்திருக்கிறாள். நான் அவளை முறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் என் முட்டியைப் பார்த்திருக்கிறாள். அன்று வந்த ஆத்திரத்தில் வீட்டில் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோயிலில் ஐநூற்றொன்றும் முடிந்தது. மைதானத்துக்குத் திரும்பியதும் மேடம் எழுதிக்கொடுத்த அட்டவணையை நான் கையில் பிடித்திருந்தேன், அந்தப் பெண் ஓடினாள். தேர்வில் சுலபமாகத் தேறினாள். லட்டு டப்பாவோடு நேராக மைதானத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் முதல் லட்டை என் கையில் வைத்து, "எங்க கோச் இவங்கதான்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். இது மேடம் போட்டுக்கொடுத்த வழி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது மேடம்தான், முகத்தில் ஒரு துளி பொய் இல்லாமல். எனக்கு அப்படித் தட்ட வராது. லட்டை விழுங்கிக்கொண்டே அதற்கும் அவள் மேல் பொறாமைப்பட்டேன்.