எதிர் வீட்டில் வாங்கிய கங்கு

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சவள். எழுத்து கோணல்மாணலா இருக்கும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கணும். பேத்தியிடம் சொல்லி எழுத வைக்கலாம்னு பார்த்தேன். வாயைத் திறந்து சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதான் நானே எழுதுறேன்.

நாடு சுதந்திரம் அடையறதுக்கு ரெண்டு மூணு வருசம் முந்தி நடந்தது இது. கோச்சடையில் இருந்தோம். மூத்த மகள் கைக்குழந்தை. எங்க வீட்டுக்காரருக்கு மில்லில் கணக்கு எழுதுற வேலை. ரொம்ப நாளா வயித்து எரிச்சல் அவருக்கு. சிம்மக்கல் பக்கம் யாரோ இயற்கை உணவைப் பத்திப் பேசுறாங்கன்னு ஒருநாள் போனார். வேற ஆளாத் திரும்பி வந்தார்.

நான் உலையில் அரிசி போட்டிருந்தேன். வந்த வேகத்தில் ஒரு செம்புத் தண்ணியை எடுத்து எரியிற அடுப்பில் ஊத்தினார். புஸ்ஸுன்னு சாம்பல் கிளம்பி என் முகமெல்லாம் அடிச்சது. "தீ பட்டா உணவு செத்துப்போகுது. இனிமே இந்த வீட்டில் செத்த சோறு கிடையாது"ன்னார். உப்பு, புளி, மிளகாயும் ஆகாதாம். பிள்ளைக்குப் பால் ஊறணும்னு எங்க அம்மா குடுத்துவிட்ட பால்சுறாக் கருவாட்டையும் பூண்டையும் குப்பைக் குழியில் கொண்டு போய்ப் போட்டார்.

"எனக்குமா?"ன்னு கேட்டேன். அம்புட்டுத்தான் கேட்க வந்துச்சு.

"ஒரு வீட்டில் ரெண்டு சாப்பாடா?"ன்னார்.

அதுக்கப்புறம் ஊறவச்ச பச்சைப்பயறு, தேங்காய்ச் சில்லு, வாழைப்பழம், வெள்ளரிக்காய். எல்லா வேளைக்கும் அதுதான். அவருக்கு ஒத்துக்கிச்சு, பொய் சொல்லக் கூடாது. வயித்து எரிச்சல் நின்னு முகம் தெளிஞ்சது. ஒளிஞ்சு கடையில் இட்லி தின்னாரான்னா அதுவும் இல்லை. தின்னிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். அந்த மனுசன் நெசமாவே நம்பினார். அதுதான் ஆத்திரம்.

எனக்கு வயிறு பொருமிச்சு. பேதியாச்சு. எந்திரிச்சா தலை சுத்தும். பால் சுண்டிப்போச்சு. பிள்ளை சப்பிப் பார்த்துட்டு வீல்னு கத்தும். மாட்டுப்பாலாவது காய்ச்சிக் குடுக்கலாம்னா அதுக்கும் அடுப்பு வேணுமே! "உடம்புக் கழிவு வெளியேறுது, நல்லதுதான்"னு எனக்குச் சமாதானம். "நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே, அதான் பால் இறங்கலை"ன்னு பழியும் எனக்கே. போகப் போகப் பிள்ளைக்கு அழவும் தெம்பில்லை, முனகத்தான் செஞ்சுச்சு. அப்பவும் நான் எதிர்த்துப் பேசலை. இப்ப நினைச்சாலும் பல்லைக் கடிக்கிறேன்.

அது உலகச் சண்டைக் காலம், தீப்பெட்டி லேசில் கிடைக்காது. அடுப்பு அணைஞ்சா அடுத்த வீட்டில் போய் நெருப்புக் கங்கு வாங்கிக்குவோம். எதிர் வீட்டு மதினி, அவருக்கு அக்கா முறை, கொட்டாங்கச்சியோடு கங்கு கேட்டு வந்தாங்க. அடுப்புச் சாம்பல் ஜில்லுன்னு இருந்துச்சு. இன்னொரு நாளும் வந்தாங்க, அதே மாதிரி. என் முகத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் கேட்காமப் போயிட்டாங்க. எங்க பக்கம் அடுப்பு எரியாத வீடுன்னா எழவு வீடு. சொந்தக்காரங்கதான் சோறு பொங்கிக் கொண்டுவரணும்.

மறுநாள் மத்தியானம் மதினியும் தெருப் பொம்பளைகளும் சோத்துப் பானையும் குழம்புச் சட்டியுமா, ஒப்பாரி வச்சுக்கிட்டே வாசலுக்கு வந்துட்டாங்க. இவர் உள்ளே உட்கார்ந்து பயறு மென்னுக்கிட்டு இருக்கார்.

"யாருத்தா போயிட்டா? உங்க அப்பனா? மறைக்கிறியே!"ன்னு மதினி என்னைக் கட்டிப் பிடிச்சாங்க.

"யாரும் சாகலை மதினி. பச்சையாத் திங்கிறோம்."

ஒப்பாரி பாதியில் நின்னுபோச்சு. மதினி பிள்ளையை வாங்கிப் பார்த்தாங்க. கன்னம் ஒட்டிக் கிடந்துச்சு.

"ஏன்டா தம்பி, பசு கன்னு போட்டா பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் அலையிறீங்க. இவ மட்டும் பயறைக் கொறிச்சுட்டுப் பால் குடுக்கணுமா?"

"உனக்கு இந்தச் சத்து விஷயமெல்லாம் புரியாதுக்கா."

"புரியலைதான். நீ எங்க வேலியில் வந்து மேஞ்சுக்க, வேண்டாங்கலை. இவளை ஏன்டா கூடக் கட்டி இழுக்கிறே?"

பொம்பளைக குலுங்கிச் சிரிச்சாங்க. அவருக்கு முகம் கறுத்துச்சு. "அந்தச் சோறு உள்ளே வரக்கூடாது"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னார்.

வரக்கூடாதுதான். பிள்ளை உயிரோட இருக்கையில் எழவுச் சோறு எதுக்கு? "சோறு வேண்டாம் மதினி, கங்கு மட்டும் குடுங்க"ன்னேன். கொட்டாங்கச்சியை எடுத்துக்கிட்டுத் தெருவைத் தாண்டிப் போய் வாங்கிட்டு வந்து, அவர் கண்ணெதிரிலேயே அடுப்பை ஊதினேன்.

"உங்களுக்குப் பயறு ஊறட்டும், எனக்கு உலை கொதிக்கட்டும். இந்த வீட்டில் ரெண்டு சாப்பாடுதான்"னேன்.

அவர் பயறுக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டார். மதினி குடுத்த பூண்டில் நானே குழம்பு வச்சுத் தின்னு, மெல்ல மெல்லப் பால் ஊறிச்சு. மகள் பிழைச்சா. அவர் கடைசி வரைக்கும் பயறும் பழமுமா நல்லாத்தான் இருந்தார். "அவ இஷ்டத்துக்கு விட்டுட்டேன்"னு ஊரெல்லாம் பெருமை வேற! விட்டாராம்!

வருசக் கணக்கெல்லாம் சரியா எழுதினேனான்னு தெரியலை, படிக்கிறவங்க யாராவது சரிபாருங்க. இன்னொண்ணும் விசாரிச்சுச் சொல்லணும். சிம்மக்கல்லில் அன்னைக்குப் பேசினவர், பால் குடுக்கிறவளும் இப்படித்தான் திங்கணும்னு சொன்னாரா? சொன்னார்னுதான் இவர் சொன்னார். உங்க வீட்டுப் பெரியவங்க யாராச்சும் அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தாக் கேட்டுப் பாருங்க. இத்தனை வருசமா இந்தக் கோபத்தை இவர் ஒருத்தர் மேலயே வச்சிருக்கேன், அது நியாயந்தானான்னு சாகறதுக்குள்ள எனக்குத் தெரியணும்.